வாசலில் வெள்ளைப் பொடி

நைனா முகம்மது ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார். அவர் வீட்டு வாசலில் யாரோ வெள்ளைப் பொடியைத் தூவிக்கொண்டிருந்தார்கள். மார்கழிப் பனி, இன்னும் விடியாத நேரம். ஆள் சுவரோரம் மறைந்திருக்க, கை மட்டும்தான் தெரிந்தது.

"வெடிமருந்துடி" என்றார் மனைவி சம்சாத்திடம், குரலே எழும்பாமல். "பத்த வச்சிட்டு ஓடிருவான்."

நேற்று சிவகாசி பஜாரில் இரண்டு மதத்துக்காரர்களுக்கும் அடிதடியாகி, நாலைந்து கடைகள் எரிந்தன. அவருடைய பேப்பர் கடையும் அதில் போய்விட்டது.

ராத்திரி எதிர் வீட்டுச் சங்கரபாண்டியன்தான் வந்து தைரியம் சொன்னார். "பாய், கதவச் சாத்திட்டு உள்ளேயே இருங்க. விடிஞ்சாலும் வெளிய தலை காட்டாதீக. நான் பாத்துக்கிடுதேன்."

அப்புறம் வேனில் வந்து இறங்கிய வெளியூர் ஆட்களையும் அவர்தான் தன் வீட்டுக்குள் கூட்டிப்போய், டீ கொடுத்துப் பேசித் திருப்பி அனுப்பினார். எதிர் வீட்டில் அப்படி ஒரு மனுஷன் இருப்பது எவ்வளவு தெம்பு!

மூன்றாவது படிக்கும் மகள் பர்ஹத், ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். "அத்தா, அது வந்து..."

சம்சாத் அவள் வாயைப் பொத்தினாள்.

வெளியே அந்தக் கை அவசரப்படவே இல்லை. சிட்டிகை சிட்டிகையாக, இடம் விட்டு இடம் விட்டு, பொடியை வைத்துக்கொண்டே போனது.

பட்டாசு ஊரில் பொடியைக் கண்டால் முதலில் தண்ணீர், கேள்வியெல்லாம் அப்புறம். நைனா முகம்மது குடத்தைத் தூக்கி, ஜன்னல் கம்பி வழியாக அப்படியே சாய்த்தார். வாசலில் இருந்த பொடியெல்லாம் கரைந்து சாக்கடைக்கு ஓடியது.

"ஐயோ!" என்றது ஒரு சின்னக் குரல்.

கதவைத் திறந்தார். சங்கரபாண்டியனின் மகள் யோகேஸ்வரி, பர்ஹத்தோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள், சொட்டச் சொட்ட நனைந்து நின்றாள். கையில் கோலமாவுக் கொட்டாங்குச்சி.

போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. "ஏத்தா, நீதானா? ஈரக்குலையே நடுங்கிருச்சுல்லா! எங்க வாசல்ல எதுக்குத்தா கோலம் போடுத?"

யோகேஸ்வரி காலியான கொட்டாங்குச்சியைப் பார்த்தாள். கழுவிக் கிடந்த வாசலைப் பார்த்தாள். தெருமுனையில் மறுபடியும் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"கோலம் இல்லாத வீடுன்னு எங்கய்யா அவுகளுக்கு அடையாளம் சொல்லிட்டாரு, மாமா!"