எட்டு விரல் உயரம்

மூக்கில் புதுக் கண்ணாடியோடு மாடிக்கு வந்த தனசிங், சாக்ஸுக்குள் போட்ட பந்தை என் கையில் கொடுத்தான்.

"கட்டு மச்சான். நீ கட்டுனாதான் நிக்கும். ஞாயித்துக்கிழம மாடம்பாக்கத்துல மேட்ச் இருக்கு."

உண்மைதான். அவன் ஷூ லேஸுக்குப் போடுகிற மாதிரி முடிச்சுப் போடுவான். நாலாவது அடியில் பந்து கழன்று, பக்கத்து வீட்டுக் கோகிலவாணி அக்காவின் வற்றல் மேல் விழும். இரண்டு முறை விழுந்தபின் வேலை என்னிடம் வந்தது.

சாக்ஸின் வாயை முறுக்கி, நைலான் கயிற்றை இரண்டு சுற்று சுற்றி, நுனியை அந்தச் சுற்றுக்குள்ளேயே விட்டு இழுப்பேன். அடிக்க அடிக்க இறுகும். மறுமுனை துணி காயப்போடும் கம்பியில். தனசிங் தினம் அடித்துப் பழக, பந்து ஸ்டம்ப் உயரத்தில் தொங்கும்.

ஊரப்பாக்கத்தில் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு நல்ல பெயர்.

போன சனிக்கிழமை காலேஜ் டீமுக்கு செலக்‌ஷன். மூன்று வருடமாகக் காத்திருந்தான். இது கடைசி வருடம், இனி கிடையாது.

ஆறு பந்து போட்டார்கள். ஐந்து அவன் மட்டைக்கு அடியில் போயின. ஆறாவது நேராக ஸ்டம்பில்.

கண்ணில்தான் கோளாறு என்று வீட்டில் முடிவானது. அவன் அம்மா பியூலா ஆன்ட்டி, மகன் கண்ணுக்காக சர்ச்சில் ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். கண்ணாடிக் கடைக்காரர் தேடித் தேடிக் கால் பவர் கண்டுபிடித்தார்.

அவன் கண்ணில் ஒன்றுமில்லை.

செலக்‌ஷனுக்கு முந்தைய எட்டு நாளும், பந்தைத் தினம் ஒரு விரல் மேலே ஏற்றிக் கட்டியது நான். சும்மாதான். எப்போது கண்டுபிடிக்கிறான் பார்க்கலாம் என்று.

அவன் கண்டுபிடிக்கவில்லை. பந்தோடு மட்டையும் ஏறிக்கொண்டே போனது.

வெள்ளிக்கிழமை சொல்லிச் சிரிப்பதாக இருந்தேன். அன்று ஒரு அடிகூடத் தவறாமல் அவ்வளவு அழகாக ஆடினான். சந்தோஷமாக இருக்கிறானே, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இன்று எட்டு விரலையும் இறக்கிக் கட்டினேன்.

தனசிங் மட்டையை ஊன்றிக் குனிந்து பந்தைப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"டேய், கண்ணாடி போட்டதும் பந்து எவ்ளோ கீழ தெரியுது பாரு! இத போன வாரமே வாங்கியிருந்தா நான் டீம்ல இருந்திருப்பேன்ல?"

"ஆமாடா" என்றேன்.

முடிச்சை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது.