நிரலுக்குள் பெய்த மழை

பழைய ஒலிப்பதிவுகளில் இரைச்சலை நீக்கும் கணினி நிரல் ஒன்றை மெர்லின் எழுதி, இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாக வைத்திருந்தாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எழுதியவள் பெயரை மட்டும் நீக்கக்கூடாது என்பதுதான் அவள் போட்ட ஒரே நிபந்தனை. அப்படிப்பட்ட நிரல்களைச் சேர்த்துவைத்திருந்த அந்தத் தளத்தைப் பெரிய நிறுவனம் ஒன்று விலைக்கு வாங்கியது. அன்றே மெர்லின் கோபத்தில் அங்கே தான் வைத்திருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தளத்தைவிட்டு வெளியேறினாள். இப்போது அலுவலகத்தில் பக்கத்து இருக்கை நவாஸ், அதே நிறுவனம் விற்கும் ஏஐயிடம் இரைச்சலை நீக்க ஒரு நிரல் கேட்டான். அது மளமளவென்று எழுதித் தள்ளியது. மெர்லின் எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு வரியும் அவளுடையது. பெயர் மட்டும் இல்லை. நடுவில், எழுதிய அன்று அவள் தனக்குத்தானே போட்டுவைத்த குறிப்பு அப்படியே இருந்தது: மழை வலுக்குது, கரண்ட் போறதுக்குள்ள இதை முடிக்கணும்.

“இதப் பாருங்கக்கா, மெஷினுக்கு மழை பெய்யுதாம்” என்றான் நவாஸ்.

“அது எங்க வீட்ல பெஞ்ச மழை.”

அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அந்த வரியை அழித்தான். அது இல்லாமலும் நிரல் நன்றாகவே ஓடியது.