பக்கத்து அட்டை

“ஆர்விட், நில்லுங்க. உங்க துப்பாக்கி ஏன் அடிக்கடி பக்கத்து அட்டையப் பாக்குது?”

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது அணையும்வரை யாரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. மற்ற உறுப்பினர்கள் இலக்கு அட்டைகளை மாற்ற மைதானத்தின் மறுகோடிக்கு நடந்துகொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் அந்தச் சின்ன ஊர்த் துப்பாக்கி கிளப்பில் மார்னிதான் சனிக்கிழமைப் பாதுகாப்பு அதிகாரி. ஆரஞ்சு மேல்சட்டையும் கழுத்தில் விசிலுமாக, கண்ணை மைதானத்திலிருந்து எடுக்காமலே கேட்டாள்.

“பக்கத்து அட்டையா? வயசாச்சுல்ல, கை கோணிக்குது” என்று சிரித்தார் ஆர்விட்.

“கதை விடாதீங்க. மாவட்டத்துலயே முதல் பரிசு வாங்கின கை அது. மூணு வாரமா கவனிக்கிறேன். அஞ்சாம் நம்பர்ல நின்னுக்கிட்டு, பாதிக் குண்டை நாலாம் நம்பர் அட்டையில போடுறீங்க. அது டெல்மரோடது. அடுத்தவங்க அட்டையச் சுட்டா கிளப்பை விட்டே தூக்கிடுவாங்கன்னு தெரியாதா?”

ஆர்விட் திரும்பிப் பார்த்தார். பின்னால் பெஞ்சில் டெல்மர், காதுமூடியைக்கூடக் கழற்றாமல், பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் எழுபத்தைந்து தாண்டிவிட்டது. முப்பது வருடமாக ஒன்றாகவே வருகிறவர்கள்.

“மெதுவாப் பேசு, மார்னி. அவனுக்குக் கண்ணு போயிடுச்சு.”

“என்னது?”

“நடுவுல கறுப்பா ஒரு வட்டம் தெரியுதாம். ஓரத்துலதான் கொஞ்சம் பார்வை. கார் ஓட்டுற லைசென்ஸையும் பிடுங்கிட்டாங்க. நான்தான் வாராவாரம் கூட்டிட்டு வர்றேன். அட்டையில ஒரு ஓட்டைகூட இல்லேன்னா மனசு விட்டுடுவான். அதான் நான் கொஞ்சம் போட்டு வைக்கிறேன். ‘டேய், இன்னைக்கு ஆறு பட்டிருக்குடா’ன்னு சொல்லும்போது அவன் மூஞ்சியப் பாக்கணுமே!”

மார்னி சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

“அப்ப கண்ணு தெரியாத ஒருத்தர் இத்தனை நாளா என் வரிசையில நின்னு சுட்டுக்கிட்டு இருக்கார். ரெண்டு பக்கமும் ஆளுங்க நிக்கிறாங்க, ஆர்விட்!”

“நான் பக்கத்துலயே நிக்கிறேன்ல?”

“நீங்க அட்டையப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. அவர் குழல் எந்தப் பக்கம் திரும்புதுன்னு யார் பாக்குறா?”

ஆர்விட் தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்தார். “பனி விழற வரைக்குமாவது விட்டுடு. அப்புறம் எப்படியும் கிளப்பை மூடிடுவீங்க. இப்ப நீ சொன்னேன்னா அவன் உடைஞ்சு போயிடுவான்.”

“முடியாது. நீங்க போய் அட்டைங்கள எடுத்துட்டு வாங்க. அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

பன்னிரண்டு வருட வேலையில் மார்னி எத்தனையோ பேரை அதட்டியிருக்கிறாள். குடித்துவிட்டு வந்த ஒருவனைக் காலரைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறாள். ஆனால் அந்த பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் கழுத்து விசிலைத்தான் உருட்டிக்கொண்டிருந்தாள்.

“கண்ணு விஷயமாத்தானே வந்திருக்க?” என்று டெல்மரே ஆரம்பித்தார். காதுமூடியை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டார்.

“ஆமா, டெல்மர். என்ன மன்னிச்சுடுங்க. இனிமே உங்கள வரிசையில நிக்க விட முடியாது.”

“ஏன்?”

“துப்பாக்கியில தோட்டா இருக்கு, கண்ணுல பார்வை இல்ல. வேற என்ன காரணம் வேணும்?”

“ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்கு போட்டதும் என் துப்பாக்கியத் திறந்து பாக்குறியே, எப்படி இருக்கு?”

“காலியாத்தான் இருக்கு. சுட்டு முடிச்சா காலியாத்தானே இருக்கும்?”

“அதுக்கு முன்னாடியும் காலிதான்.”

கோட்டுப் பையிலிருந்து ஒரு தோட்டாப் பெட்டியை எடுத்து அவள் கையில் வைத்தார். ஒட்டுத்தாள் பிரிக்கப்படவே இல்லை.

“மார்ச்சுல வாங்கினது. டாக்டர் சொன்ன அன்னைக்கே தோட்டா போடுறத நிறுத்திட்டேன். எதைச் சுடுறோம்னு தெரியாதப்ப சுடக் கூடாதுன்னு நீ வந்து சொல்லணுமா எனக்கு?”

மார்னி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஆர்விட்டுக்குத் தெரியாதா?”

“காதுல மூடி. சுத்தி இத்தனை பேரோட வெடி. எது யாரோட சத்தம்னு அவன் எங்க கண்டான்? விசைய இழுப்பேன், சுட்ட மாதிரி தோளக் கொஞ்சம் குலுக்கிக்குவேன். அவ்வளவுதான்.”

“அப்ப அட்டையில இருக்கிற ஓட்டையெல்லாம்?”

“அத்தனையும் அவன் போட்டதுதான். தெரியாமலா இருக்கேன்?”

மார்னி பெட்டியை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். “சரி. அடுத்த வாரம் உங்க ரெண்டு பேர் அட்டையையும் ஒரே பலகையில மாட்டிடுறேன். அவர் எதுல சுட்டாலும் குத்தமில்ல. ஆனா ஒண்ணுதான் புரியல. சுடவே சுடாத மனுஷன், இந்தக் குளிர்ல வாராவாரம் இங்க எதுக்கு வர்றீங்க?”

தூரத்தில் ஆர்விட் இரண்டு அட்டைகளையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டே வந்தார். “டேய் டெல்மர்! இன்னைக்கு ஏழுடா!”

டெல்மர் குரல் வந்த பக்கம் பார்த்துக் கையைத் தூக்கி ஆட்டினார். பிறகு மார்னியின் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“அவன் பொண்டாட்டி லின்னியா செத்ததுலேருந்து ஜன்னல் திரையக்கூடத் திறக்காம படுத்தே கிடந்தான், மார்னி. ‘எனக்குக் கண்ணு தெரியல, கிளப்புக்குக் கூட்டிட்டுப் போடா’ன்னு நான் கேட்ட அன்னைக்குத்தான் எழுந்து ஷேவ் பண்ணினான்.”