ஒட்டாத சட்டி

"அந்தச் சட்டியில புளி ஊத்தாதீங்க, அத்தை."

மங்கையர்க்கரசி மூன்றாம் முறையாகச் சொன்னாள். மாமியார் வடிவாம்பாள் காதில் வாங்காதவளாக அடுப்பை ஊதினாள்.

தலத்தெருவில் அந்தச் சட்டியை அறியாதவர்கள் கிடையாது. அகலமான அடி, நீளமான கைப்பிடி, உள்ளும் புறமும் கன்னங்கரேலென்ற கறுப்பு. "உங்க மகன் பிரான்சுலேருந்து குடுத்தனுப்பியிருக்காரு" என்று ஐந்து வருடத்துக்கு முன்னால் மங்கை அதை மாமியாரின் கையில் வைத்த அன்று, தெருவே அடுப்படியில் கூடிவிட்டது. வடிவாம்பாள் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் தோசை வார்த்தாள். சட்டியைச் சாய்த்ததும் தோசை தானாக வழுக்கிக்கொண்டு தட்டில் வந்து உட்கார்ந்தது. எதிர்வீட்டுக் காசியம்மா கோயிலில் தீபாராதனை பார்த்தவள்போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆனால் அந்தக் கறுப்பு ஒரு பூச்சு என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. வடிவாம்பாள் சுத்தக்காரி. அடுப்புக்கரிதான் அப்பியிருக்கிறது என்று நினைத்து, தினமும் சாம்பலும் தேங்காய் நாருமாகத் தேய்த்தாள். வெளுக்க வெளுக்க அவளுக்குப் பெருமை. இப்போது நடுவில் அலுமினியம் பல்லை இளித்தது. ஓரத்தில் மிச்சமிருந்த கறுப்பு, செதில் செதிலாக உரிந்து குழம்பில் மிதந்தது.

நேற்று பக்கத்து வீட்டு சுல்தான் பீவி அதைப் பார்த்துப் பதறிப்போனாள். பிரான்சில் இருக்கும் அவளுடைய அண்ணன் வீட்டில், இப்படி உரிந்தால் சட்டியைத் தூக்கி எறிந்துவிடுவார்களாம். வெறும் அலுமினியத்தைப் புளி அரிக்கும், அரித்தது குழம்பில்தானே இறங்கும் என்று கேட்டுவிட்டுப் போனாள். வடிவாம்பாளுக்கோ ஒரு வாரமாக வயிற்றுவலி. சட்டியால்தானா என்பது மங்கைக்குத் தெரியாது. ஆனாலும் பயம் வந்துவிட்டது.

"எம்புள்ள அனுப்பினது. அது என்னை என்ன செஞ்சிடும்?" என்றாள் வடிவாம்பாள்.

"கறுப்புக் கறுப்பா மிதக்குது, அத்தை."

"கடுகுன்னு நெனச்சுக்கிட்டா போச்சு. நீ ஏன் கவலைப்படுறே? உனக்குத்தான் மண்சட்டியில தனியா வச்சுத் தர்றேனே."

அது உண்மை. பூச்சு உரியத் தொடங்கியதிலிருந்து மருமகளுக்கு மண்சட்டி, தனக்கு இது என்று வடிவாம்பாள் பிரித்துவிட்டிருந்தாள்.

பிரான்சுக்குப் போன மகனிடமிருந்து கடிதம் நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன. அவன் பெயரைச் சொல்ல அந்த வீட்டில் இருந்தது இந்தச் சட்டி ஒன்றுதான். இதையும் பிடுங்கினால் பெற்ற மனம் தாங்குமா? விட்டுவிட்டால் உடம்பு தாங்குமா? மங்கை, ஊர்க்கோயிலில் இருக்கும் அம்மையாரை மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

புளிக்கரைசலோடு வடிவாம்பாளின் கை சட்டியை நோக்கிப் போனது. மங்கை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிடுங்க, அத்தை. இது அவரு அனுப்பினதில்ல. பீவியக்காவோட அண்ணன் கொண்டாந்தது. அவங்க வீட்டுக்கு ஆறு மாசம் துணி தைச்சுக் குடுத்து நான் வாங்கினேன். கடுதாசி வரலைன்னு நீங்க சாப்பிடாம கெடந்தீங்க. அதைப் பார்க்க முடியாமதான் பொய் சொல்லிட்டேன்."

அழுவாள், இல்லை ஏசுவாள் என்று எதிர்பார்த்து மங்கை தலைகுனிந்து நின்றாள். வடிவாம்பாள் புளிக்கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஈரக்கையால் மருமகளின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"தெரியும்டி. பீவி அன்னிக்கே சொல்லிட்டா."

ஐந்து வருடம். ஒரு பார்வையில்கூடக் காட்டிக்கொள்ளவில்லையே இந்த மனுஷி. இவ்வளவு நாளும் யாரோடு ஒரே வீட்டில் வாழ்ந்திருக்கிறோம் என்று மங்கை மலைத்துப்போனாள்.

"அப்புறம் ஏன் அத்தை, மகன் அனுப்பினது, மகன் அனுப்பினதுன்னு இத்தனை பிடிவாதம்?"

"எனக்காக நீ சொன்ன பொய்யை நான் காப்பாத்த வேணாமா?" வடிவாம்பாள் சட்டியை இறக்கி முந்தானையால் மெல்லத் துடைத்தாள். "அவன் அனுப்பினதா இருந்தா எப்பவோ பழைய பாத்திரக்காரன்கிட்டப் போட்டிருப்பேன். இது நீ ஒழைச்சு வாங்கிக் குடுத்தது. எந்தக் கையால தூக்கிப் போடச் சொல்றே?"