ஊர் இல்லாத படம்

“கிளீவ்லேண்டுல ஏதுடா மஞ்சப் பாலம்?” என்று கோரின் என் காதில் கிசுகிசுத்தாள்.

கையிலிருந்த ஜிக்சா துண்டைப் பார்த்தேன். மஞ்சள்தான். இருட்டில்கூடத் தெரிகிற மஞ்சள்.

“யாராவது புதுசா கட்டியிருப்பாங்க,” என்றேன்.

“இது பிட்ஸ்பர்க்டா, லூசு! எங்க அப்பாவுக்குப் போயி பிட்ஸ்பர்க்கைக் கொண்டு வந்திருக்கே!”

தப்பு முழுக்க என்னுடையது. நன்றி நாள் விருந்துக்கு யாரும் வெறுங்கையோடு போகக் கூடாது, அதுவும் பெண் கேட்கப் போகிறவன் அப்படிப் போகவே கூடாது. அதனால் கோரினின் அப்பாவுக்கு அவர் ஊரான கிளீவ்லேண்டின் படத்தையே ஒரு கடையில் ஜிக்சா புதிராக வெட்டித் தரச் சொல்லியிருந்தேன். இணையத்தில் படம் தேடியது நான். இருப்பதிலேயே அழகானதை எடுத்தேன். கீழே ஊர்ப் பெயர் போட்டிருந்ததாம். அதை யார் படித்தார்கள்? நான் ஓமாகாக்காரன். நாலு உயரக் கட்டடமும் கொஞ்சம் தண்ணீரும் இருந்தால் எனக்கு எல்லா ஊரும் ஒன்றுதான்.

கோரினின் அப்பா கஸ் பெட்ராக்குக்கு அப்படியில்லை. கிளீவ்லேண்ட் அணியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் பிட்ஸ்பர்க்கின் பெயரை அவர் வாயால் சொல்வதே கிடையாது. ‘அந்த ஊரு’ என்பார், ஏதோ வியாதியைச் சொல்வது போல.

ஒரே ஒரு நல்ல காலம். இந்த வீட்டில் பெட்டி மூடியிலிருக்கும் படத்தைப் பார்த்துத் துண்டு சேர்ப்பது பரீட்சையில் காப்பியடிப்பது மாதிரி. வந்தவுடனே மூடியைக் கவிழ்த்து அலமாரி மேல் போட்டுவிட்டார்கள்.

“நியூயார்க் பாத்திருக்கியா, ஓமாகா?” என்றார் கஸ். என் பெயர் வெண்டல் என்பதை அவர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. “சீப்பைக் கவுத்து வெச்ச மாதிரி ஒரே பல்லு. சிகாகோ பெரிய ஊருதான், ஆனா கண்ணாடி முன்னாடியே நின்னுட்டிருக்கும். ஹூஸ்டன், டாலஸ் எல்லாம் யாரோ லாரியில கொட்டிட்டு அள்ள மறந்துட்டுப் போனது. எங்க ஊரைப் பாரு. ஏரிக்கரையில அளவா நாலு கட்டடம், குடும்ப போட்டோவுக்கு நிக்கிற மாதிரி அம்சமா!”

“அப்ப அந்த ஊரு, சார்?” என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை.

“அதுவா? குழிக்குள்ள விழுந்த ஊரு. மலை மேல ஏறி எட்டிப் பாத்தாத்தான் இருக்குறதே தெரியும்.”

அவர் மனைவி டார்லீன் கலகலவென்று சிரித்தாள்.

நான் அடுத்த மஞ்சள் துண்டைக் காலுறைக்குள் தள்ளினேன். கோரின் ஒரு பிடியை ஸ்வெட்டர் கைக்குள் விட்டுக்கொண்டாள்.

“சார், கோரின் விஷயமா உங்ககிட்ட ஒண்ணு…”

“முதல்ல வானத்தை முடி.”

வானத்தை முடித்தேன்.

“சார், நானும் கோரினும்…”

“டார்லீன், வான்கோழி வெந்துச்சா பாரு!”

மூன்றாவது தடவை கேட்க வாயெடுத்தபோது கைக்கு இன்னொரு பாலத் தூண் வந்தது. அவர் நிமிர்ந்தார். வேறு வழி தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டேன்.

“என்ன மெல்லுறே?”

“முந்திரி, சார்.”

“முந்திரி வாங்கவே இல்லையே,” என்றவர், ஏனோ மேற்கொண்டு கேட்கவில்லை.

கடைசியில் டார்லீன் கையைத் தட்டினாள். “அவ்ளோதான். துண்டு தீந்துபோச்சு.”

நால்வரும் குனிந்து பார்த்தோம். மேலே நீல வானம். கீழே பச்சைத் தண்ணீர். நடுவில், ஊர் இருக்க வேண்டிய இடத்தில், மேசைப் பலகை தெரிந்தது.

நாங்கள் இருவரும் திருடியது ஒரு பாலம், மிஞ்சினால் ஒன்றரைப் பாலம். மொத்த ஊரும் எங்கே போயிற்று?

“குறையுற மாதிரி இருக்கே,” என்றார் கஸ்.

“மூடுபனிப்பா,” என்றாள் கோரின்.

“நவம்பர்ல அப்படித்தான் இருக்கும்,” என்றாள் டார்லீன்.

கஸ் தலையாட்டிவிட்டு வான்கோழியை வெட்ட எழுந்து போனார். அவர் முதுகு மறைந்ததும் டார்லீன் ஏப்ரன் பையிலிருந்து பிட்ஸ்பர்க்கின் கண்ணாடிக் கோபுரங்களை அள்ளி என் மடியில் கொட்டினாள்.

“ராஜா, அவரு கண்ணுல பட்டிருந்தா இன்னிக்கு இந்த வீட்டுல யாருக்கும் சோறு இல்ல. கல்யாணப் பேச்சும் இல்ல. சத்தம் போடாம கொண்டு போயி கார்ல ஒளிச்சு வை.”

என் கண் கலங்கிவிட்டது. அதற்குள் சமையலறையிலிருந்து சத்தம் வந்தது.

“ஓமாகா! இங்க வா!”

கோபுரங்களைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, வெட்டுப்படப் போகிறவன் போலவே போனேன். கஸ் கையில் நீளக் கத்தி. கதவைச் சாத்தினார். கத்தியைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றினார்.

உள்ளேயிருந்து மஞ்சள் துண்டுகள் பொலபொலவென்று விழுந்தன. ஒன்று அவர் வழுக்கையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

“மெதுவாப் பேசு,” என்றார். “டார்லீன் பாத்திருந்தா உன்னை வாசலோடவே அனுப்பியிருப்பா. அந்த ஊருன்னாலே அவளுக்கு ஆகாது. அவளுக்குப் பயந்துதான் நான் இத்தனை வருஷமா திட்டிட்டிருக்கேன்.”

“அப்ப உங்களுக்கு?”

“அழகான ஊருடா அது.” அவர் அந்தக் கடைசித் துண்டைப் பிய்த்து என் கையில் வைத்தார்.

“கோரின் விஷயம், சார்?”

“கட்டிக்கோ,” என்றார் கஸ். “கல்யாணப் பத்திரிகைக்குப் படத்தை மட்டும் நான் தேடி எடுத்துத் தர்றேன்.”