செல் போடாத குழி

இன்குபேட்டர் கதவை மறுபடியும் திறந்தாள்.

திறக்கக் கூடாது. திறந்தால் உள்ளே இருக்கும் வெதுவெதுப்பு போய்விடும், செல்கள் சுணங்கிவிடும். புதிதாகச் சேருகிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லிச் சொல்லி அதட்டுகிறவளே அவள்தான்.

ஊருக்குத்தான் உபதேசம்.

பிளேட் இன்னும் நீலமாகத்தான் இருந்தது. சாத்தினாள்.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளேட். அதில் வரிசையாகச் சின்னக் குழிகள். குழியின் அடியில் நகத்தளவு பாலிமர் படலம், படலத்தின்மேல் மனிதத் தோலின் செல்கள், எல்லாவற்றுக்கும் மேலே நீலச் சாயம். உயிருள்ள செல் சும்மா இருக்காது. தின்னும், செரிக்கும். அந்தச் சுறுசுறுப்பில் நீலம் இளஞ்சிவப்பாகிவிடும்.

வெறும் படலத்தில் செல்கள் சோம்பிக் கிடக்கும். செல்லை வளரத் தூண்டும் புரதமான வளர்ச்சிக் காரணியை ஒட்டவைத்த படலத்திலோ பசி பிடித்தாற்போலத் தின்னும். குழி சிவந்துவிடும்.

இதுதான் அவளுடைய ஐந்து வருட ஆராய்ச்சி. தீக்காயத்தின்மேல் இந்தப் படலத்தை ஒட்டினால் தோல் சீக்கிரம் மூடும் என்பது அவளுடைய வழிகாட்டி சுலோச்சனா மேடத்தின் கனவு.

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு அடுத்த மாதம். அதுவரை அவள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. பல்லடத்து வீட்டு வாசலில் ‘டாக்டர் மோகனப்பிரியா’ என்று பலகையே மாட்டியாகிவிட்டது. தெருவில் ஒருவர் வந்து முழங்கால் வலிக்கு மாத்திரையும் கேட்டுவிட்டுப் போனார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வாரம் மைக்ராஸ்கோப்பில் அவ்வளவு நேரம் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

நன்றாகச் சிவந்த குழி அது. உள்ளே செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன.

நாலு பேர் உட்கார்ந்த பந்தியில் அண்டாச் சோறு காலியானால் சமையல்காரனுக்குச் சந்தேகம் வராதா? அவளுக்கு வந்தது.

தீர்த்துக்கொள்ள வழி சுலபம். காரணி ஒட்டிய படலத்தை ஒரு குழியில் போட வேண்டும். சாயம் ஊற்ற வேண்டும். செல் மட்டும் போடக் கூடாது. தின்ன ஆள் இல்லாத குழி நீலமாகவே இருக்க வேண்டும்.

இந்த லேபில் யாரும் அதைச் செய்ததில்லை. ஒரு படலம் செய்து முடிப்பதற்குள் உயிர் போய்த் திரும்பும். காரணியோ ஐஸில் பொதிந்து கடல் தாண்டி வருவது, தங்கத்தைவிட விலை. செல் இல்லாத குழிக்கு அதைப் போய் வீணாக்குவானேன் என்பது மேடத்தின் சிக்கனம். அவளும் தலையாட்டியிருக்கிறாள். அதற்குப் பதில், படலமே இல்லாத குழியில் வெறும் சாயத்தை ஊற்றி வைப்பார்கள். அது பாட்டுக்கு நீலமாக இருக்கும். எல்லோருக்கும் திருப்தி.

இன்று காலை, காரணி ஒட்டியதில் ஓரம் உடைந்த படலம் ஒன்றை எடுத்துக் கடைசிக் குழியில் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள். இப்போது குடைகிறது.

இருப்புக் கொள்ளவில்லை. வாங்கி வைத்த டீ ஆறிப் போயிருந்தது. கழுவிய பாட்டில்களையே மறுபடி கழுவினாள். காரணியைப் படலத்தோடு ஒட்டவைக்க ஒரு ரசாயனம் சேர்ப்பார்கள். அதில் மிச்சம் மீதி படலத்துக்குள் தங்கியிருந்தால், செல்லே இல்லாமல் அதுவே சாயத்தைச் சிவக்க வைத்துவிடும்.

படலத்தைக் கழுவினோமே. நன்றாகத்தானே கழுவினோம்.

இத்தனை வருடமும் சிவக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள், முதல் முறையாக நீலத்துக்காக வேண்டிக்கொண்டாள்.

நேரம் வந்தது. திறந்தாள்.

வெறும் படலத்துக் குழிகள் மங்கிய ஊதாவில் இருந்தன. காரணி ஒட்டிய குழிகள் சிவந்திருந்தன.

கடைசிக் குழியும் சிவந்திருந்தது. எல்லாவற்றையும் விட அதிகமாக.

உள்ளே ஒரு உயிர் கிடையாது.

அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. வாசல் பலகை ஞாபகம் வந்தது. மேடத்தின் முகம் ஞாபகம் வந்தது. இத்தனை வருடமும் எதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம்?

ஒரு உறிஞ்சு உறிஞ்சினால் போதும். குழி காலி. கேட்க ஆள் இல்லை.

பிப்பெட்டைக் கையில் எடுத்தும்விட்டாள்.

வராந்தாவில் மேடத்தின் குரல் கேட்டது. கூடவே ஒரு ஆண் குரல். படலத்தைக் காட்ட மருத்துவமனையிலிருந்து தீக்காய டாக்டரை இன்று அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தார். செல் வளர்க்கும் அறைக்குள் செருப்போடு யாரும் வரக்கூடாது. டாக்டர் வாசலில் குனிந்து ஷூவை அவிழ்க்க, அதற்குள் பொறுக்காமல் மேடம் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

நேராகப் பிளேட்டை எடுத்து வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“அடடா, இங்க பாரு அம்மிணி! இந்தக் கடைசிக் குழி மத்ததையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டிருச்சே! இதுல எத்தன செல்லு போட்ட?”

பிப்பெட் இன்னும் கையில்தான் இருந்தது. கீழே வைத்தாள்.

“ஒண்ணுகூடப் போடலீங்க மேடம்.”

மேடத்தின் விரல் அந்தக் குழியின் மேலேயே நின்றது. சிரிப்பு போவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவளைப் பார்த்தார். பிளேட்டைப் பார்த்தார்.

வெளியே டாக்டர் ஒரு ஷூவைக் கழற்றிவிட்டு அடுத்ததற்குக் குனிந்திருந்தார்.

மேடம் போய்க் கதவை உள்ளிருந்து சாத்தினார்.