மின்விசிறியின் மரியாதை

ஓர் அறையில் ஒரு மைக்கும், ஒரு கணினியும், ஒரு கிழட்டு மின்விசிறியும் இருந்தன. டீச்சர் மங்களேசுவரி பாடம் பதிவு செய்ய உட்காரும்போதெல்லாம் மேலேயிருந்து விசிறி கடகடவென்று குறுக்கே பேசும். "இன்னொரு தடவை இரைச்சல் வந்தா இந்த மைக்கைத் தூக்கிப் போட்டுடுவேன்" என்று டீச்சர் சொல்லிவிட்டாள். மைக் கணினியிடம் யோசனை கேட்டது.

கணினி ஒரு வழி சொன்னது. "டீச்சர் பேசுறதுக்கு முன்னால விசிறியோட சத்தத்தை மட்டும் கொஞ்சம் பிடிச்சுக் குடு. அதை அடையாளம் வச்சுக்கிட்டுப் பாடத்துல இருந்து கழிச்சுடுறேன்."

மைக் மேலே பார்த்துக் கெஞ்சியது. "அண்ணே, தினமும் கத்துற மாதிரியே கொஞ்சம் கத்துங்க."

"இதுக்குப் போய்க் கெஞ்சணுமா தம்பி?" என்றது விசிறி.

மைக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. விசிறியோ பெண் பார்க்க வந்தவன் போல ஓசைப்படாமல் சுற்றியது. "கத்துங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று மைக் பல்லைக் கடித்தது. விசிறி மூச்சுக்கூட விடவில்லை. டீச்சர் வந்து பாடத்தைத் தொடங்கிய பிறகுதான் கடகடவென்று ஆரம்பித்தது.

பதிவு முடிந்ததும், முதலில் பிடித்த ஓசையில்லாத துண்டை வைத்துக் கணினி திரையில் காட்டியது: அறையில் சத்தமே இல்லை, இரைச்சல் மைக்கில்தான்.

டீச்சர் மைக்கைப் பிடுங்கி ஒயரைச் சுற்றினாள்.

"பாவம், நல்ல பையன்" என்றது விசிறி, கடகடத்தபடியே.

"இப்ப இந்தக் கத்துக் கத்துறீங்களே, கேட்டப்ப ஏண்ணே வாயைத் திறக்கலை?" என்றது மைக்.

"அப்ப எல்லாரும் என்னையே உத்துக் கேட்டுக்கிட்டு இருந்தீங்களே தம்பி. நாலு பேருக்கு முன்னால கத்தினா மரியாதையா இருக்குமா?"